‘ராசியில்லாத ஃபைட்டர்’: ஆன்லைன் டி அண்ட் டி மேசையில் ஒரு கிண்டல் உருவான விதம் – நிகழ்வு ஆய்வு

வாரத்துக்கு ஒரு நாள், மூன்று மணி நேரம், டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பு: ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் (பகடை) உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். ஒரு டி.எம். (டஞ்சன் மாஸ்டர்: கதையையும் எதிரிகளையும் நடத்துபவர்), ஐந்து ஆட்டக்காரர்கள், ஆளுக்கொரு கிளாஸ், அதாவது பாத்திர வகை: ஃபைட்டர் (போர்வீரர்), விசார்ட் (மந்திரவாதி), ரோக் (பதுங்கித் தாக்குபவர்), கிளெரிக் (பூசாரி), பார்ட் (பாணர்). எல்லாரும் ஐந்தாம் லெவல். பேச்சு டிஸ்கார்ட் வாய்ஸ் சேனலில், மேப்பும் டைஸும் ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளில். ஆறு பேரும் பழைய நண்பர்கள்; கிண்டலும் கேலியும் இல்லாமல் ஒரு சுற்றுகூட நகராது.

இது ஒரு குறிப்பிட்ட குழுவின் வரலாறு இல்லை. நண்பர்கள் கூடி ஆடும் மேசைகளில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் சிக்கலை ஒரு மாதிரி மேசையில் வைத்துப் பிரித்துப் பார்க்கிறோம். கீழே வரும் எண்கள் எல்லாம் ஆட்ட விதிகளிலிருந்து கணக்கிட்டவை.

சிக்கல் இதுதான். இந்த ஆட்டத்தில் அடிக்கவோ தப்பிக்கவோ முயன்றால் இருபது பக்க டைஸ் (டி20) உருட்ட வேண்டும்; பெரிய எண் விழுந்தால் நல்லது. ஃபைட்டர் ஆடுபவருக்கு ‘ராசியில்லாதவன்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் டர்ன் வந்தாலே ஆரம்பிக்கும்.

“எல்லாரும் ரெண்டடி தள்ளி நில்லுங்கப்பா, இவன் கத்தி எடுக்கப் போறான்.”

“மச்சி, உன் டைஸ்ல இருபதுன்னு ஒரு பக்கம் இருக்கா இல்லையா?”

“ஒண்ணு வரும் பாரு… வரும் பாரு… வந்துருச்சு!”

முதல் சில வாரங்கள் ஃபைட்டரே இதை ரசிக்கிறார். அவரும் திருப்பிக் கொடுக்கிறார். டி.எம். உற்சாகமாகி ஒரு மேக்ரோ (தானாக ஓடும் சிறு நிரல்) எழுதுகிறார்: யாருக்கு இயல்பான 1 (எதையும் கூட்டுமுன் டைஸே காட்டும் 1) விழுந்தாலும் ஒரு சோகமான ஊதுகுழல் ஒலி தானாக எழும்பும். கூடவே ஒரு வீட்டு விதி: அட்டாக் ரோலில் (அடி படுகிறதா என்று பார்க்க உருட்டுவதில்) 1 வந்தால் ஆயுதம் கைநழுவும், அந்த டர்ன் அங்கேயே முடியும். டெக்ஸ்ட் சேனலில் ஒவ்வொரு 1-க்கும் மண்டையோட்டு எமோஜி வரிசை கட்டுகிறது.

அடுத்த கட்டத்தில் நடப்பதை நேரில் உட்கார்ந்து ஆடும் மேசையில் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். ஆன்லைனில் பிடிபடாது. கேமரா பெரும்பாலும் அணைந்திருக்கும். பேசுகிறவரின் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் எரியும்; பேசாதவர் சிரிக்கிறாரா, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா என்று தெரிய வழியில்லை. நாலு பேர் சிரித்தால் ஆறு பேர் சிரித்த மாதிரிதான் காதில் விழும். அதனால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாததை ஆட்டத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தடயங்கள் உண்டு, அவை மிகத் துல்லியமானவை.

ஃபைட்டர் டைஸ் உருட்டுவதைத் தவிர்க்கத் தொடங்குகிறார். எதிரியின் பக்கத்தில் நிற்கும்போதுகூட அடிக்காமல் ‘ஹெல்ப்’ ஆக்‌ஷன் எடுத்து ரோக்குக்கு அட்வான்டேஜ் (இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுக்கும் சலுகை) கொடுக்கிறார். காரணமில்லாமல் ‘டாட்ஜ்’ (அடிக்காமல் தற்காத்துக்கொள்வது) எடுக்கிறார். ஆக்‌ஷன் சர்ஜ் (ஒரே டர்னில் இன்னொரு முறை செயல்படும் திறன்) கையில் இருந்தும் செலவழிக்காமலே ஆட்டத்தை முடிக்கிறார். கதவை உடைக்க வேண்டிய இடத்தில் “பார்டே முயற்சி பண்ணட்டும்” என்கிறார். அடுத்த கேரக்டர் எதுவாக இருக்கலாம் என்ற பேச்சு வந்தால் சேவிங் த்ரோ (சுருக்கமாக ‘சேவ்’: தாக்கப்படுபவர் தப்பிக்க உருட்டுவது) மந்திரங்களை நம்பி ஆடும் ஏதாவது ஒன்றைச் சொல்கிறார். அதில் உருட்டுவது எதிரி, அவர் இல்லை. இன்னொரு தடயம்: மற்றவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னே அவரே தன்னைக் கிண்டல் செய்துகொள்கிறார். ரோல் பட்டனை அழுத்தும் முன் “சரி, ஒண்ணு விழப்போகுது, தயாரா இருங்க” என்கிறார். கேட்பவர்களுக்கு அவர் விளையாட்டாக இருப்பதாகத் தோன்றும். அடி விழும் இடத்தில் முன்கூட்டியே கையை வைத்துக்கொள்ளும் செயல் அது.

டைஸ் உருட்டும் ஆட்டத்தில் ஒருவர் டைஸ் உருட்டத் தயங்குகிறார் என்றால் கிண்டல் எல்லை தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் வாய் திறந்து சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அவருக்கு உண்மையிலேயே அதிகமாக 1 விழுகிறதா?

விழுகிறது. அதுதான் இந்த நிகழ்வின் மையம். நண்பர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் தப்பு.

ஒரு வழக்கமான ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு சண்டை, ஒவ்வொன்றும் நாலு ரவுண்டு, நடுவில் ஒரு ஷார்ட் ரெஸ்ட் (செலவான சில திறன்கள் திரும்பக் கிடைக்கும் ஓய்வு). ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு எக்ஸ்ட்ரா அட்டாக் கிடைத்துவிடுகிறது. ஒரு டர்னுக்கு இரண்டு அடி. எட்டு ரவுண்டில் 16 அட்டாக் ரோல். ஆக்‌ஷன் சர்ஜ் சண்டைக்கு ஒருமுறை, ஒவ்வொன்றிலும் கூடுதலாக இரண்டு அடி, மொத்தம் 20. இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்று பார்ப்பது) 2. சேவிங் த்ரோ ஒரு 4. கதவு உடைப்பது, சுவர் ஏறுவது என்று 2. அதோடு இரண்டு முறை பதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. செயின் மெயில், பிளேட் போன்ற கனத்த கவசம் போட்டவருக்கு ஸ்டெல்த் செக் (பதுங்கும் முயற்சிக்கு உருட்டுவது) டிஸட்வான்டேஜில் நடக்கும். ஒரு செக்குக்கு இரண்டு டைஸ். இதில் 4. எல்லாம் சேர்த்து 32 டி20.

விசார்ட் என்ன செய்கிறார்? ஃபயர்பால் போட்டால் எதிரிகள்தான் டெக்ஸ்டெரிட்டி சேவ் உருட்ட வேண்டும். விசார்ட் கையில் ஒரு டி20-யும் இல்லை. மேஜிக் மிசைல் உருட்டாமலே படும். எப்போதாவது ஒரு ஃபயர் போல்ட், இனிஷியேட்டிவ், ஓரிரு சேவ், சில அறிவுச் செக். தாராளமாக வைத்தாலும் 12.

ஒரு டி20-யில் 1 விழும் வாய்ப்பு 5 சதவீதம். டிஸட்வான்டேஜில் இரண்டில் சிறியதைத்தான் எடுக்கிறோம் என்பதால் அது 9.75 சதவீதமாக ஏறுகிறது. ஆக, ஒரு ஆட்டத்தில் குறைந்தது ஒருமுறையாவது 1 விழும் வாய்ப்பு ஃபைட்டருக்குச் சுமார் 81 சதவீதம், விசார்டுக்குச் சுமார் 46 சதவீதம். இருபது ஆட்டம் முடியும்போது ஃபைட்டரின் கணக்கில் ஏறக்குறைய 32 ஒன்றுகள், விசார்டின் கணக்கில் 12. இருவர் ராசியும் ஒன்றேதான். உருட்டிய எண்ணிக்கைதான் வேறு.

ரோக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அவர் ஒரு டர்னுக்கு ஓர் அடிதான் அடிக்கிறார். அதையும் ஒளிந்திருந்தோ, ஃபைட்டர் கொடுத்த ஹெல்ப்பை வைத்தோ பெரும்பாலும் அட்வான்டேஜில் அடிக்கிறார். அட்வான்டேஜில் 1 வர இரண்டு டைஸும் 1 காட்ட வேண்டும்: 400-க்கு ஒன்று. 20 வரும் வாய்ப்போ 9.75 சதவீதம். ரோக் ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்தவராக இருந்துவிட்டால் அந்த 1-ஐயும் மறுபடி உருட்டிக்கொள்ளலாம். இந்த மேசையில் ‘ராசிக்காரன்’ என்று பெயர் எடுத்தவர் ரோக் என்பதில் வியப்பே இல்லை. இரண்டு பட்டங்களையும் வழங்கியது கிளாஸ் விதிகள்.

முதல் 1-லேயே டர்னை முடிக்கும் வீட்டு விதி இல்லாமல் ஆடும்போது, ஒரே டர்னில் இரண்டு அடியும் 1 ஆவதுதான் எல்லாரும் கதை கதையாகச் சொல்லும் சம்பவம். “அன்னிக்கு ரெண்டும் ஒண்ணு போட்டான்ல!” அதன் வாய்ப்பும் 400-க்கு ஒன்று. ஆட்டத்துக்கு எட்டு டர்ன், இருபது ஆட்டம், 160 டர்ன். அதற்குள் ஒருமுறையாவது அது நடக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. அபூர்வம் என்று சொல்லவே முடியாது. விசார்டுக்கு அது நடக்கவே நடக்காது, அவர் இரண்டு அடி அடிப்பதே இல்லை என்பதால்.

இதே இருபது ஆட்டத்தில் ஃபைட்டருக்கு 28 வாக்கில் இயல்பான 20-யும் விழுந்திருக்கும். மேசையிலேயே அதிகமாகக் கிரிட்டிக்கல் (20 விழுந்து படும் பலத்த அடி) அடித்தவர் அவராக இருக்கக்கூடும். அதற்கு மேக்ரோ கிடையாது, ஊதுகுழல் கிடையாது, எமோஜி கிடையாது. நினைவில் தங்குவது ஒலி எழுந்த இடங்கள் மட்டும்.

சாதாரண ‘மிஸ்’ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டைஸோடு +7 கூட்டிக்கொள்ளும் ஃபைட்டர், கவச எண் (அடி பட எட்ட வேண்டிய தொகை) 15 உள்ள எதிரியை அடிக்க டைஸில் 8 வேண்டும். 1 முதல் 7 வரை எது விழுந்தாலும் அடி படாது. விதிப்படி அட்டாக்கில் 1-க்கு என்று தனித் தண்டனை எதுவும் இல்லை. என்ன கூட்டினாலும் படாது, அவ்வளவே. ஏழு தவறல்களில் ஆறு சத்தமில்லாமல் போகின்றன. ஏழாவதுக்கு மட்டும் கச்சேரி. செக்கிலும் சேவிலும் 1-க்குத் தனிப் பொருளே கிடையாது. மரண சேவில் (சாகக் கிடப்பவர் உயிருக்காக உருட்டுவதில்) மட்டும் 1 விழுந்தால் இரண்டு தோல்வியாக எண்ணப்படும்.

வீட்டு விதி செய்த கேடு

‘1 விழுந்தால் ஆயுதம் நழுவும், டர்ன் முடியும்’ என்ற விதி சிரிப்புக்காக வந்தது. அது எல்லாருக்கும் பொது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. ஒரு டர்னில் ஒருமுறையாவது 1 விழும் வாய்ப்பு ஓர் அடிக்கு 5 சதவீதம், இரண்டு அடிக்கு 9.75, மூன்று அடிக்கு 14.3, நாலு அடிக்கு 18.5. ஃபைட்டருக்கு மூன்றாவது அடி 11-ஆம் லெவலில், நாலாவது 20-ஆம் லெவலில். அதாவது பயிற்சி கூடக் கூட அவர் கத்தியைக் கீழே போடுவதும் கூடுகிறது. உலகம் போற்றும் வாள்வீரன் ஐந்து டர்னுக்கு ஒருமுறை ஆயுதத்தை நழுவவிடுவான். ஃபயர்பால் போடும் விசார்டுக்கு இந்த விதி இருப்பதே தெரியாது. இவ்வளவு ஒருதலைப்பட்சமான விதியை எந்த மேசையிலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கிண்டல் பிரச்சினை இல்லாத மேசையாக இருந்தாலும் சரி.

பரிகாரத்தில் மேசைகள் முதலில் கை வைக்கும் இடங்கள் இரண்டு. இரண்டும் உதவுவதில்லை.

ஒன்று, டைஸை, அதாவது டைஸ் உருட்டும் மென்பொருளை (‘பாட்’) மாற்றுவது. “இந்த பாட் சரியில்ல, வேற பாட் போடுவோம்.” ஃபவுண்ட்ரி பயன்படுத்துவது மெர்சென் ட்விஸ்டர்; மாட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1997-ல் உருவாக்கிய தற்செயல் எண் முறை. பரவலாகச் சோதிக்கப்பட்டது, ஒரு டி20-க்குத் தேவையானதைவிடப் பல மடங்கு போதுமானது. எதை மாற்றினாலும் ஃபைட்டர் 32 டைஸ்தான் உருட்டப் போகிறார். இரண்டாவது வாரமே ஊதுகுழல் மறுபடி ஒலிக்கும். அப்போது “பாட் மாத்தியும் இவனுக்கு இப்படித்தான்” என்று கிண்டலுக்குப் புது ஆதாரம் கிடைத்துவிடும். முன்பைவிட மோசம்.

மற்றொன்று, டி.எம். ஒருநாள் கண்டிப்பாக, “இனிமே யாரும் டைஸ் பத்தி கிண்டல் பண்ணக்கூடாது” என்று அறிவிப்பது. ஆட்டம் பள்ளிக்கூட வகுப்பு போல் அடங்கிவிடும். யாரைக் காப்பாற்ற இந்த விதி என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கிண்டல் நிற்காது, அவர் இல்லாத தனிக் குழுவுக்கு இடம் மாறும். நண்பர்கள் வட்டத்தில் இதைவிட ஆறாத காயம் வேறு இல்லை.

எக்ஸ்-கார்டு மாதிரியான பாதுகாப்புக் கருவிகளை இங்கே நீட்டுவதும் பொருந்தாது. ஜான் ஸ்டாவ்ரோபுலஸ் வடிவமைத்த அந்த முறை கதையில் வரும் ஒன்று தாங்க முடியாமல் போகும்போது அதை வெட்டிவிட உதவுவது. நண்பன் சிரித்துக்கொண்டு சொன்ன ஒற்றை வரிக்கு யாரும் கார்டு தூக்க மாட்டார்கள். தூக்கினால் ‘இதுக்கெல்லாமா’ என்ற மௌனம் வரும் என்று தூக்குபவருக்கே தெரியும்.

பதிவை எண்ணுவது

ஃபவுண்ட்ரியின் சாட் பதிவை உரைக் கோப்பாகச் சேமிக்கலாம். பதிவு நீளமாகிவிட்டது என்று அதை அழிக்கும் பழக்கம் இருந்தால் அழிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் சேமித்துவையுங்கள். இல்லையென்றால் எண்ண ஒன்றும் இருக்காது. எண்ணும்போது வழக்கமாக நேரும் பிழைகள் மூன்று. மொத்தத் தொகையை எண்ணிவிடுவது முதல் பிழை: 19 என்று இருந்தால் அது +7 சேர்ந்த 19, டைஸ் காட்டியது 12. அட்வான்டேஜ், டிஸட்வான்டேஜில் கழித்துவிட்ட டைஸை விட்டுவிடுவது இரண்டாவது. டைஸ் நேர்மையைச் சோதிக்க இரண்டையும் எண்ண வேண்டும். எடுத்துக்கொண்டதை மட்டும் எண்ணினால் டிஸட்வான்டேஜ் அதிகம் உருட்டியவருக்குச் சிறிய எண்கள் குவிந்திருப்பது போலத் தெரியும். மூன்றாவது, நினைவில் நிற்கும் ‘அந்த மோசமான ஆட்டத்தை’ மட்டும் எடுத்து எண்ணுவது. இருக்கும் பதிவு முழுவதையும் எண்ணுங்கள்.

ஃபைட்டர் இருபது ஆட்டத்தில் உருட்டும் 640 டைஸில் ஒவ்வொரு எண்ணும் 32 முறை வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வந்ததிலிருந்து 32-ஐக் கழித்து, அந்த வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, 32-ஆல் வகுத்து, இருபதையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 30.1-க்குள் இருந்தால் டைஸைச் சந்தேகிக்க இடமில்லை. 1 மட்டும் எத்தனை என்று பார்த்தால் 21-லிருந்து 43 வரை எதுவும் வழக்கமான ஏற்ற இறக்கம்தான். 100 டைஸுக்குக் குறைவாக இருந்தால் இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம். 5 சதவீதத்துக்குப் பதில் 7 சதவீதம் 1 விழும் கோளாறு இருந்தால் அதை ஓரளவு நம்பிக்கையோடு கண்டுபிடிக்க ஆயிரம் டைஸ் வாக்கில் தேவைப்படும். நாலு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. ஐந்து பேர், ஆளுக்கு இருபது எண், நூறு எண்ணிக்கைகள். எல்லா டைஸும் நேர்மையாக இருந்தாலும் இந்த நூறில் ஓர் ஐந்து ‘சந்தேகத்துக்குரியது’ போலத் தெரிந்தே தீரும். முதலில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, விசித்திரமானதை மட்டும் பொறுக்கியெடுத்து “பாத்தியா!” என்று காட்டுவது ஆதாரம் ஆகாது.

எண்ணியதை மேசையில் வைக்கும் முறையும் முக்கியம். ‘யாருக்கு எத்தனை 1’ என்று வரிசை போடாதீர்கள். அது அதே கிண்டலுக்கு அச்சடித்த சான்றிதழ். ‘ஒவ்வொருவரும் எத்தனை டைஸ் உருட்டினோம், நூறு டைஸுக்கு எத்தனை 1, நூறுக்கு எத்தனை 20’ என்று வையுங்கள். நூறு கணக்கில் வைத்ததும் ஐந்து பேரும் 5-க்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். ஃபைட்டர் மேசையிலேயே அதிகமாகக் களத்தில் இறங்கி அடித்தவர் என்பது அதே அட்டவணையில் தெரியும்.

மாற்ற வேண்டியவை

ஆளை மாற்றவோ நண்பர்கள் வாயைக் கட்டவோ தேவையில்லை. கிண்டலுக்குத் தீனி போடும் ஏற்பாடுகளை மாற்றினால் போதும். அதையும் அவரிடம் அனுமதி கேட்காமலே செய்துவிட வேண்டும். “உனக்குக் கஷ்டமா இருக்கா?” என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் “அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதையும் மாற்ற முடியாது.

வீட்டு விதி போகட்டும். டி.எம். தன் பொறுப்பில், மேலே சொன்ன சதவீதக் கணக்கைக் காட்டி, விதி நியாயமில்லை என்ற காரணத்தோடு எடுத்துவிடலாம். அதில் யார் மனமும் பேசுபொருள் ஆகாது. சிரிப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு மாற்று: 1 விழுந்தால் என்ன ஆனது என்று அந்த ஆட்டக்காரரே ஒரு வரியில் வர்ணிக்கட்டும், இழப்பு எதுவும் இல்லாமல். சொல்லும் உரிமை அவர் கைக்கு வந்ததும் சிரிப்பின் திசையே மாறும்.

மேக்ரோவை அணைக்கலாம், ஆனால் அதைவிட நல்ல வழி இருக்கிறது. மேசையில் மிக அதிகமாக டி20 உருட்டுவது ஃபைட்டர் இல்லை, டி.எம்.தான். ஐந்து கோப்ளின் (எதிரியாக வரும் குட்டிப் பூதங்கள்) நாலு ரவுண்டு அடித்தாலே 20 டைஸ். ஒரு ஃபயர்பாலுக்கு ஐந்து சேவ். ஒரு ஆட்டத்துக்கு 60 தாண்டுவது சாதாரணம், அதில் 1 விழாமல் போகும் வாய்ப்பு 5 சதவீதம்கூட இல்லை. இருந்தும் டி.எம்.மை யாரும் ராசியில்லாதவர் என்று சொன்னதில்லை, ஏனென்றால் அவர் தனக்கு மட்டும் தெரியும்படி உருட்டுகிறார். எனவே எதிரிகளின் அட்டாக் ரோலையும் சேவ் ரோலையும் எல்லாரும் பார்க்க வெளிப்படையாக உருட்டுங்கள். பொறி, ரகசியச் செக் போன்றவற்றை மட்டும் மறைவில் வையுங்கள். ஊதுகுழல் ஒலியை எதிரிகளின் 1-க்கு மட்டும் என்று மாற்றுங்கள். முதல் ஆட்டத்திலேயே மூன்று முறை வாக்கில் ஒலிக்கும் என்று எதிர்பார்க்கலாம். “அண்ணே, உங்க கோப்ளின் கத்திய எந்தப் பக்கம் பிடிச்சிருக்கு?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். மேசைக்குக் கிண்டல் குறையவில்லை. கிண்டலுக்கு ஆளாகிறவர் ஓர் உயிருள்ள நண்பர் இல்லை, அவ்வளவுதான்.

ஆட்டக்காரர்களுக்கு ஒலி வேண்டும் என்றால் 20-க்கு வையுங்கள். ஃபைட்டர் அதிகம் உருட்டுவதால் அதுவும் அவருக்கே அதிகமாக ஒலிக்கும்.

இதெல்லாம் நடந்து ஓரிரு ஆட்டம் கழித்துத் தனியே ஒரு வரி அனுப்பலாம். நீளமாக வேண்டாம். “நம்ம டைஸ் கிண்டல் நடுவுல கொஞ்சம் ஓவரா போயிடுச்சு மச்சி, சாரி. இனிமே கோப்ளின்தான் மாட்டும்.” கேள்வி இல்லாத செய்தி. பதில் சொல்லும் கட்டாயமும் இல்லை.

யாராவது பழைய பழக்கத்தில் “ஒண்ணு வரும் பாரு” என்று தொடங்கினால் அதைக் கண்டிக்க நிற்காமல், டி.எம். உடனே ஆட்டத்தை நகர்த்த வேண்டும்: “சரி, கவச எண் 15, உருட்டு.” சிரிப்புக்கு யாரும் இடைவெளி விடாவிட்டால் வரி தானாக உதிரும். ஆன்லைன் குரலில் இது இன்னும் எளிது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் அடங்கித்தான் ஆக வேண்டும், அந்த நேரத்தில் டி.எம். குரல்தான் நிற்கும்.

சரியாகிவிட்டதா என்பதை ஃபைட்டரின் முகத்தைத் தேடிப் பார்க்க வேண்டாம், ஆட்டப் பதிவில் பாருங்கள். ஆக்‌ஷன் சர்ஜ் மறுபடி செலவாகிறதா? எதிரி பக்கத்தில் இருக்கும்போது ஹெல்ப்புக்குப் பதில் அட்டாக் வருகிறதா? கதவை அவரே உடைக்க முன்வருகிறாரா? மூன்று, நாலு ஆட்டத்துக்குப் பிறகும் அவர் டைஸைத் தொடத் தயங்கினால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது; அப்போது தனியாகக் கூப்பிட்டுப் பேசத்தான் வேண்டும்.

குழு 11-ஆம் லெவலைத் தொடும் வாரத்தில் ஒருமுறை இதைத் திரும்பிப் பாருங்கள். மூன்றாவது அடி வந்ததும் ஃபைட்டரின் அட்டாக் ரோல் 20-லிருந்து 30 ஆகும்; ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை 1 விழும். அதற்குள் அந்த மேக்ரோ யார் கைபட்டாவது பழையபடி எல்லாருக்கும் ஒலிக்கும்படி மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.